ஊசி காட்டிய ஆனந்தம்

செருப்புக் கடை மாடிக்கு ஏறும் படிக்கட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை கால் வைக்க இடமில்லை. கீழே செருப்பு வாங்க வந்தவர்கள்கூட வந்த வேலையை மறந்து மேலே ஏறினார்கள். மாடியில் சந்தோஷத்தையே அளந்து சொல்கிறார்கள் என்றால் செருப்பு யாருக்கு வேண்டும்?

அளப்பவர் ஆனந்தமானியார். பெற்றவர்கள் வேறு பெயர் வைத்திருப்பார்கள். அது பலகையில் எழுத எடுப்பாக இருந்திருக்காது. இந்தத் தொழிலில் முன்பு இருந்தவர்கள் கிரகத்தின்மேல் பழி போட்டார்கள். இவர் காலத்தோடு நடப்பவர். வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு செரோட்டோனின்மேல் போட்டார். மனநிலையோடு சம்பந்தப்பட்ட ஒரு பொருள் அந்தப் பெயரில் உடம்பில் இருப்பது நிஜம். மீதியெல்லாம் அவருடைய சொந்தச் சரக்கு.

மேசைமேல் இரட்டைப் பித்தளைத் தகடு. பக்கத்தில் ஊசி ஆடும் பெட்டி. வருகிறவரின் உள்ளங்கையை வாசனைப் பஞ்சால் நன்றாகத் துடைத்துத் தகட்டில் வைக்கச் சொல்வார். ஊசி பத்தைத் தாண்டாது.

"செரோட்டோனின் வத்திப்போச்சு. என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

அந்தக் கூட்டத்தில் மாத்திரை சாப்பிடாதவர் யார்? தைராய்டு என்பார் ஒருவர், பிபி என்பார் இன்னொருவர்.

"அதான் திருடன். உங்க ஆனந்தத்தைக் குடிக்கறதே அதுதான்."

பிறகு ஆனந்த நீர் ஒரு புட்டி. பாதியைக் குடித்து, மீதியை உள்ளங்கையில் தேய்க்க வேண்டும். மறுபடி கை வைத்தால் ஊசி எண்பதுக்குப் பாயும். கூட்டம் கைதட்டும். வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரைகள் மேசை ஓரத்துக் கண்ணாடிச் சட்டியில் விழும்.

மீன் கடைக் கல்லாக்கா தைராய்டு மாத்திரையை ஏற்கெனவே அந்தச் சட்டியில் போட்டுவிட்டாள். புருஷன் மார்க்கெட்டில் மீன் வெட்ட, கல்லாவில் உட்காருவது அவள் வேலை என்பதால் ஊரே வைத்த பெயர் அது. அப்போதிலிருந்து வாராவாரம் அவளுக்கு ஊசி எண்பது காட்டியது. ஆனால் நடுப்பகலிலும் குளிர்ந்தது. முகம் ஊதிக்கொண்டே போனது. இன்று பிபி மாத்திரையின் முறை. அட்டையைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினாள். கூடவே நாத்தனாரும் வந்தாள். கடையில் மீன் கழுவுகிறவள். வாயும் கத்தியும் ஒரே கூர். இன்று ஒரு கன்னம் வீங்கியிருந்தது. கையில் பனிக்கட்டி போட்ட மீன் பை, போகிற வழியில் ஒரு வீட்டில் கொடுக்க.

"அண்ணி, நேத்து ஆளுங்க கூப்பிட்டுக்கிட்டே நிக்கறாங்க, நீங்க தராசுல தலைய வச்சுத் தூங்கறீங்க. எடை சரியா இருந்துச்சுன்னா தலையையே கட்டிக் குடுத்திருப்பேன்."

"சும்மா வாடி. உடம்புல இருக்கற விஷம் எறங்குதுன்னு சொல்லியிருக்கார்."

"எறங்கினதெல்லாம் முகத்துலயே தங்கிடுச்சு போல."

அவர்கள் முறை வந்தது. மானியார் பஞ்சை எடுப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டு தன் கையைத் தகட்டில் வைத்தாள். ஊசி ஓடிப்போய் நூறில் முட்டியது.

"பாருங்க எல்லாரும்," என்றார் மானியார், அகப்பட்டதை விடாமல். "இந்தம்மா மாத்திரையே தொடாதவங்க. உடம்பு முழுக்க ஆனந்தம்."

"கடவாய்ப் பல்லு ராத்திரி முழுக்கத் தூங்க விடலைங்க. இதுவா ஆனந்தம்?"

"அது வெளிவலி. இது உள்ளானந்தம்."

நாத்தனார் தன் கையைப் பார்த்தாள். விரல் நுனியிலிருந்து பனிக்கட்டித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பையைத் திறந்து முழு மீன் ஒன்றை எடுத்துத் தகட்டில் படுக்க வைத்தாள்.

நூறு.

"நேத்து சாயங்காலம் செத்ததுங்க. போன பிறகும் இவ்வளவு குஷியா இருக்குது."

பின்வரிசையில் யாரோ சிரித்தார். மானியார் கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். "மீன்ல இயற்கையாவே செரோட்டோனின் ஜாஸ்தி."

"அப்படியா? சரி." மீனை எடுத்துவிட்டுத் தகட்டையும் கையையும் தோள் துண்டால் அழுத்தித் துடைத்தாள். கையை வைத்தாள். எட்டு. ஈரத் துண்டைச் சுருட்டி வைத்தாள். நூறு. "என் ஆனந்தம் துண்டுக்குப் போயிடுச்சு அண்ணி. வீட்டுக்குப் போய்ப் பிழிஞ்சு எடுத்துக்கறேன்."

மாடி குலுங்கியது. கல்லாக்கா மட்டும் சிரிக்கவில்லை. தகட்டைத் துடைத்துவிட்டு, தன் காய்ந்த கையை வைத்தாள். ஆறு. குடிப்பதற்கென்று கொண்டுவந்த குழாய்த் தண்ணீரைக் கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்தாள். வைத்தாள். வாராவாரம் காசு கொடுத்து வாங்கிய அதே எண்பது.

"குழாய்த் தண்ணிக்கா என் தைராய்டு மாத்திரையைத் தூக்கிப் போட்டேன்?" என்று மெதுவாகக் கேட்டாள். பதில் சொல்ல வேண்டியவர் பாதி உடம்பைப் பின்பக்க வாசலுக்கு வெளியே நழுவவிட்டிருந்தார்.

கூட்டம் சட்டியின்மேல் பாய்ந்தது. "நீல மாத்திரை என்னுது", "இல்லை, என்னுது" என்று தள்ளுமுள்ளு.

கல்லாக்கா சட்டியைத் தூக்கித் தலைக்குமேல் பிடித்தாள். "கலந்ததை யாரும் வாயில போடாதீங்க. நேரா டாக்டர்கிட்ட போங்க." பிபி அட்டை சட்டியில் விழாமல் அவள் கையிலேயே இருந்தது.

மறுநாள் டாக்டரம்மா கல்லாக்காவைத் திட்டி முடித்துவிட்டுச் சொன்னாள்: "தைராய்டு குறைஞ்சா மனசும்தான் சோர்ந்து போகும். அதைத் தூக்கி நிறுத்தற மாத்திரையையா நிறுத்தினே? பிபி மாத்திரை சேராத மாதிரி இருந்தா எங்கிட்ட சொல்லு, வேற பார்க்கலாம். நீயா நிறுத்தாதே. உள்ளங்கையைத் தொட்டு செரோட்டோனினை அளக்கற பெட்டி எங்கேயும் கிடையாது."

மானியார் அவசரத்தில் விட்டுப்போன செருப்பு இன்னும் மாடி வாசலில் கிடக்கிறது. அடுத்த ஊரில் இந்நேரம் புது ஜோடி வாங்கியிருப்பார்.

அந்த மீனாவது செத்த பிறகுதான் தகட்டின்மேல் ஏறியது. நம் ஆட்கள் மூளை உயிரோடு இருக்கும்போதே வரிசையில் நின்றார்கள். இனி யாராவது கையை நீட்டச் சொன்னால், முதலில் தலையைத் தொட்டுப் பாருங்கள், உள்ளே இருப்பது வேலை செய்கிறதா என்று.