வேலிக்குள் விளைந்தது

நம்மூரில் மாடு பார்ப்பவர் உண்டு, மழை பார்ப்பவர் உண்டு, பெண் பார்ப்பவர் உண்டு. புல் பார்ப்பவர் என்று ஓர் இனம் இருப்பது உங்களுக்குத் தெரியுமா? நாலாம் வகுப்போடு சிலேட்டைக் கவிழ்த்துவிட்டு, அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரியில் கிளீனராக ஏறி, இன்று சொந்தத்தில் மூன்று லாரி ஓட்டுகிறவன் நான். செடியை இனம் பிரிக்க எனக்குத் தெரியாது. மனுசனை இனம் பிரிப்பதில் என்னை மிஞ்சப் படித்தவனாலும் ஆகாது. ஆகவே நம்பிக் கேளுங்கள்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். நீங்கள் பேசும்போது அவர் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார், காலைப் பார்ப்பார். மரியாதை என்று எண்ணி மகிழ்ந்துவிடாதீர்கள். உங்கள் காலடியில் ஏதோ ஒரு பூண்டு முளைத்திருக்கிறது, நீங்கள் அதை மிதித்துக்கொண்டு நிற்கிறீர்கள், அவ்வளவுதான்.

இந்த இனத்துக்குப் பெரம்பலூரில் வாய்த்த உருப்படியின் பெயர் சிவசுப்பிரமணியன். தாவர ஆராய்ச்சி விஞ்ஞானி. எழுபத்தொன்றில் இங்கே வேலைக்கு வந்தார். இரண்டு வருடத்தில் மாற்றலாகிவிடும் என்று மாமனாரிடம் சொல்லித்தான் பெண்டாட்டியை அழைத்து வந்தார். மாற்றல் உத்தரவும் வந்தது. அந்தச் சமயம் பார்த்துக் கரட்டோரம் ஏதோ ஒரு கொடி பூக்கிற பருவமாக இருந்ததால் மனுசர் வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிட்டார். அந்த அம்மாள் கண்ணகியின் வீட்டில் மெத்தைக்கு அடியில் புல், அரிசி மூட்டைக்கு அடியில் இலை, கல்யாணப் பட்டுப்புடவைக்கு மேலே பழைய செய்தித்தாள், அதற்குள்ளே அமுக்கிக் காயப்போட்ட ஏதோ ஒரு முள். ஜெயங்கொண்டத்திலிருந்து வந்த மாமனார் அசதியில் ஒரு காகிதக் கட்டின்மேல் உட்காரப் போக, கண்ணகி பதறிப்போய், "எந்திரிங்கப்பா, அதுல புல்லு தூங்குது. மனுசங்க இந்தப் பக்கமா ஒக்காரலாம்" என்று தரையைக் காட்டியதாகக் கேள்வி.

பஸ்ஸில் இவர் ஏறினால் அன்றைக்கு அந்த பஸ் நேரத்துக்குப் போய்ச் சேராது. செந்துறை ரோட்டில் வேலியோரம் எதையோ கண்டுவிட்டு, பிள்ளையைத் தவறவிட்டவர் மாதிரி நிறுத்தச் சொல்லி இறங்கி, மண்ணில் குப்புறப் படுத்துவிடுவார். கண்டக்டர் கொளஞ்சி படியில் தொங்கியபடி, "சார், வண்டி நிக்கட்டுமா, இல்ல பூ உதுருற வரைக்கும் இருந்து பாத்துட்டு நாளைக்கி வண்டியில வரீங்களா?" என்று கேட்பான். இவருக்குக் காது கேட்டால்தானே.

இதெல்லாம்கூடப் பொறுக்கலாம். பொறுக்க முடியாதது அந்த வாய். யாராவது ஒரு செடியின் பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டால் அவருக்குத் தொண்டையில் முள் சிக்கியது மாதிரி. சொல்லித் திருத்தினால்தான் எச்சில் இறங்கும். ஒரு கல்யாணத்தில் அரசாணிக்கால் நட்டிருந்தார்கள். அரசமரக் கிளையை நட வேண்டிய இடத்தில், அவசரத்துக்குக் கிடைத்த கிளையை நட்டு மஞ்சள் பூசிவிட்டார்கள். யாருக்குத் தெரியப்போகிறது? தாலி எடுக்கிற நேரத்தில் இவர் எழுந்து, "அது அரசு இல்லீங்க, பூவரசு" என்றார். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்க்க, மாப்பிள்ளை வீட்டார் இவரைப் பார்க்க, நல்ல நேரம் தன்பாட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டது. அதன் பிறகு இவருக்குப் பத்திரிகை வந்தால் கண்ணகி மட்டும்தான் போவாள்.

இப்பேர்ப்பட்டவர் சிறுவாச்சூருக்கு மேற்கே, கரட்டுச் சரிவில், ஒரு துண்டு நிலத்தை வேலி போட்டு அடைத்தார். ஆடும் ஆளும் உள்ளே போகாமல் விட்டால் பழைய காடு தானாகத் திரும்பி வரும் என்பது அவர் கட்சி. உசிலும் வெப்பாலையும் காரையும் தாமாக எழும்பி நிற்கும் என்று சத்தியம் செய்தார். அடைப்புக்குள் அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: எதையும் தொடக்கூடாது. இலை கிள்ளக்கூடாது, களை பிடுங்கக்கூடாது. இயற்கை தன் கையால் செய்ய வேண்டும். மனுசன் கை பட்டால் ஆராய்ச்சி கெட்டுவிடும்.

அந்தச் சரிவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவள் ஆண்டாயி. அன்று தொடங்கிய சண்டை அது. இவர் தினமும் வந்து ஆட்டை ஓட்டுவார், அவள் தினமும் கேட்பாள், "நீங்க பாக்குற புல்லத்தானே சார் என் ஆடும் பாக்குது. அது பாத்தா மட்டும் கொறைஞ்சா போயிரும்?"

வேலியை எதைக் கொண்டு போட்டார் என்று கேளுங்கள். காசில்லாமல் கிடைப்பது, ஆடு நெருங்காதது எது? ஏரிக்கரையில் வெட்டிக் கொண்டுவந்த வேலிக்காத்தான் முள். சீமைக்கருவை என்று நீங்கள் சொல்வீர்களே, அதுதான். நம் மண்ணுக்குச் சம்பந்தமில்லாத பரதேசிச் செடி என்று அவர் மேடைதோறும் திட்டுகிற அதே செடி. காவலுக்குத்தானே, காய்ந்த முள்தானே என்று அடுக்கினார். முள்ளோடு அதன் காயும் வந்தது. காய் உள்ளே உதிர்ந்தது. அடுத்த மழைக்கு முளைத்தது.

பிடுங்கியிருக்கலாமே? அதுதான் சட்டமாயிற்றே! வேலிக்கு வெளியே முளைத்ததையெல்லாம் ஊர்க்காரர்கள் அடுப்புக்கு அரிந்துகொண்டு போனார்கள். உள்ளே முளைத்தது, தொட ஆளில்லாத செல்லப்பிள்ளையாகக் கொழுத்தது. வருசத்துக்கு வருசம் அவர் வேலியோரம் நின்று, தன் உசிலங்கன்றை அந்த முள் அமுக்கிக் கொல்வதைப் பார்ப்பார். கை துறுதுறுக்கும். கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

எண்பத்து நாலில் சென்னையிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் அடைப்பைப் பார்க்க வந்தார். அவர் தலையாட்டினால் சிவசுப்பிரமணியனுக்குச் சென்னையில் உத்தியோகம், குவார்ட்டர்ஸ். கண்ணகி புடவைப் பெட்டியிலிருந்து செய்தித்தாளை எடுத்து வெளியே வைத்துவிட்டாள், அத்தனை நம்பிக்கை. கிளம்பும்போது அவள் சொன்னது ஒன்றுதான்: "இன்னைக்கி ஒரு நாளைக்காச்சும் வாய மூடிக்கிட்டு வாங்க."

அப்போது என்னிடம் ஒரு ஜீப்பும் இருந்தது; அதை வாடகைக்கு விட்டதே நான்தான், கூடவே போனேன். சுற்றிலும் சரிவு வெந்து கிடந்தது. நடுவில் அடைப்பு மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. அதிகாரி கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பூரித்துப்போனார். இந்தச் சரிவு முழுவதையும் இதேபோல் அடைத்துவிடலாம், இதே வேலி, இதே முறை, அடுத்த மாதமே உத்தரவு போடுகிறேன், இதற்கெல்லாம் நீங்கள்தான் தலைமை என்று சொல்லிக்கொண்டே போனார். தள்ளி நின்ற ஆண்டாயி ஆடுகளைக் கிட்டே கூட்டிக்கொண்டாள். சரிவு முழுக்க அடைத்தால் அவள் எங்கே போவாள்?

சிவசுப்பிரமணியன் வாய் திறக்கவில்லை. குவார்ட்டர்ஸ் தெரிந்தது, கண்ணகி தெரிந்தாள். சரிவு முழுக்க முள் எழும்பி, மிச்சமிருக்கிற காரையையும் வெப்பாலையையும் அமுக்குவதும் தெரிந்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். தப்பித்தேவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

அதிகாரி ஜீப்பில் ஒரு காலை வைத்தபடி, "என்ன இருந்தாலும் நம்ம நாட்டுக் கருவேலமரம் மாதிரி வருமா" என்றார்.

முடிந்தது கதை. தொண்டையில் முள் சிக்கிவிட்டது.

"அது கருவேலம் இல்ல சார்" என்றார் சிவசுப்பிரமணியன். "வேலிக்காத்தான். நம்ம நாட்டுதே இல்ல. நான் போட்ட வேலியில இருந்து விழுந்தது."

"அப்ப நீங்க வளத்த காடு?"

"வரல சார்."

"இத்தனை வருசமா என்னதான் பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"பாத்துக்கிட்டிருந்தேன்."

அதிகாரி மறு காலையும் ஜீப்பில் வைத்தார். சென்னை வேலை அந்த ஜீப்போடு போயிற்று. சரிவை அடைக்கும் உத்தரவும் கூடவே போயிற்று. இவர் அங்கேயே நின்றார், துணைக்கு நானும். ஆண்டாயி மெல்லப் பக்கத்தில் வந்தாள்.

"அந்த முள்ள இப்பயாச்சும் அடுப்புக்கு வெட்டிக்கிடவா சார்?"

அவர் அவள் காலடியைப் பார்த்தார். பிறகு, "வெட்டிக்க. வேரோட வெட்டு. கொஞ்சம் தள்ளி நில்லு, காரைக்கன்ன மிதிச்சுக்கிட்டு நிக்கிற" என்றார்.

வீட்டில் கண்ணகி, மனுசர் வந்த நடையைப் பார்த்துவிட்டு, செய்தித்தாளை மறுபடியும் புடவைமேல் விரித்தாளாம்.

சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று. வாசிக்கும்போது எங்காவது, "இந்த லாரிக்காரனுக்கு என்ன தெரியும், அந்தச் செடிக்கு எங்கள் ஊரில் வேறு பெயரல்லவா" என்று உங்களுக்குத் தொண்டை லேசாக அரித்ததா? அரித்திருந்தால், இனி யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் நீங்கள் போகாமலிருப்பது நல்லது.