ரஸ்ஸலின் லேப்டாப்புக்கு வந்த சோம்பல்

ரஸ்ஸல் இருநூறு டன் லாரி ஓட்டுகிறவன். ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்கத்தில் பதினான்கு நாள் ஓட்டுவான். ஏழு நாள் லீவுக்குக் கால்கூர்லி வீட்டுக்கு வருவான். வந்ததும் லேப்டாப்பைத் திறந்து அதிலும் வண்டிதான் ஓட்டுவான். ரேஸ் கார். குப்பைத் தொட்டியைத் தெரு வரைக்கும் தள்ளிவிட்டு வரச் சொன்னால் மட்டும், "ஓட்டி ஓட்டி இடுப்பு போச்சு டெனீஸ்" என்பான் மனைவியிடம்.

இந்தத் தடவை வந்து இறங்கியதே ஒரு சபதத்தோடு. சனிக்கிழமை மூன்று மணிக்கு நெவிலோடு ரேஸ். நெவிலும் அதே சுரங்கம், அதே ஷிப்டு. தோற்றவன் அடுத்த பதினான்கு நாளும் ஏப்ரன் கட்டிக்கொண்டு மொத்த ஷிப்டுக்கும் டீ போட வேண்டும். கடைசி மூன்று தடவையும் போட்டது ரஸ்ஸல்தான். யாருக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்பது அவனுக்கு மனப்பாடம். ஒரு பயல் டீ நன்றாக இருக்கிறது என்று வேறு சொல்லிவிட்டான். அந்த அவமானம் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. இந்த முறை அந்த ஏப்ரனை நெவில் கழுத்தில் மாட்டாமல் விடுவதில்லை.

திங்கட்கிழமை காலை லேப்டாப்பைத் திறந்தான். கார் நகர்ந்தது. நகர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். திருப்பத்தில் திருப்பினால், கார் கொஞ்சம் யோசித்து, சுவரில் மோதி, அப்புறமாகத் திரும்பியது.

"டெனீஸ்! பிராசஸர் படுத்துடுச்சு!"

"எது?"

"பிராசஸர்! இதோட மூளை! நாலாயிரத்துல ஓட வேண்டியது எண்ணூறுல நிக்குது!"

"மூளை மெதுவா ஓடினா என்ன? நீ நாப்பத்தாறு வருஷமா சமாளிக்கலையா?"

டெனீஸுக்கு ஊர் நூலகத்தில் வேலை. வருகிறவர்களின் கம்ப்யூட்டர் கோளாறுகளுக்கெல்லாம் அவள்தான் வைத்தியம் பார்ப்பாள். அவளைக் கேட்கலாம் என்று ரஸ்ஸலுக்குத் தோன்றவே இல்லை. அணைத்துப் போட்டான். விளையாட்டை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினான். வைரஸ் தேடினான். ஃப்ரீசரில் இருந்த பட்டாணிப் பொட்டலத்தை அடியில் வைத்துப் பார்த்தான். பட்டாணி உருகியது; கார் அசையவில்லை.

"தூசியா இருக்குமோ?" என்றாள் டெனீஸ், பட்டாணியை மீட்டுக்கொண்டே.

"தூசி அடைச்சா சூடாகும், சூடானா வேகம் குறையும். இது எனக்குத் தெரியாதா?"

"உனக்குத் தெரியாதது என்ன இருக்கு? இந்தச் செம்மண்ணு எங்கேர்ந்து உள்ள வருதுன்னுதான் எனக்குப் புரியல. உன் ஜன்னலுக்கு நேர் மேல மழைத்தண்ணி போற கூரைத் தகரக் காவா இருக்கே, அதுல ரெண்டு வருஷத்து மண்ணு கிடக்குது."

டெனீஸ் ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டிய பட்டியலில் அந்த வேலை இரண்டு வருஷமாக முதல் இடத்தில் இருந்தது. ரஸ்ஸலுக்குப் பட்டியல் ஞாபகம் வரவில்லை. விஞ்ஞானம்தான் தெரிந்தது. ஏணி போட்டு ஏறினான். ஒன்பது வாளி மண் இறங்கியது. சாயங்காலம் குளித்துவிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்தால் கார் பறந்தது!

"பாத்தியா? தூசி! நான் சொன்னேன்ல?"

"நீதான் சொன்னே" என்றாள் டெனீஸ்.

மறுநாள் காலை கார் மறுபடியும் நொண்டியது.

"கொசுவலைக் கதவு கிழிஞ்சிருக்கே, அது வழியா வருதோ என்னவோ" என்றாள். கதவுக்குப் புது வலை அடித்தான். சாயங்காலம் பறந்தது. புதன்கிழமை காலை படுத்துக்கொண்டது. மேற்கு வெயில் என்று முடிவாகி, ஜன்னலுக்கு வெளியே நிழல்துணிப் பந்தல் எழுந்தது. வியாழக்கிழமை, செத்துப்போன வாஷிங் மெஷினை வராந்தாவிலிருந்து குப்பைக்கிடங்குக்கு ஏற்றினான். அது காற்றை மறிக்கிறதாம். வெள்ளிக்கிழமை வேலி. வேலிக்கும் பிராசஸருக்கும் என்ன சம்பந்தம் என்று ரஸ்ஸலே டெனீஸுக்குக் கால் மணி நேரம் விளக்கினான். ஒவ்வொரு நாளும் சாயங்காலம் லேப்டாப் நோய் தீர்ந்து எழுந்தது. பட்டியலில் ஐந்து கோடு விழுந்தது.

சனிக்கிழமை காலை பார்த்தால் பழைய குருடி, கதவைத் திறடி. மூன்று மணிக்கு ரேஸ். மத்தியானம் வரை என்னென்னவோ தட்டிப் பார்த்தான். ஏப்ரன் கண்முன் ஆடியது. டெனீஸ் கடைக்குப் போயிருந்தாள். ஐந்து நாள் பழக்கதோஷம், கை தானாக வேக்யூமை எடுத்தது. மேசையை இழுத்துப் போட்டுப் பின்பக்கத் தூசியை உறிஞ்சினான். இருபது வருஷக் குடித்தனத்தில் யாரும் சொல்லாமல் அவன் செய்த முதல் வேலை அது.

மேசைக்குப் பின்னால் சுவரில் சொருகியிருந்தது அவனுடைய செங்கல் கனத்துச் சார்ஜர் இல்லை. டெனீஸின் மெலிந்த லேப்டாப்புக்கு வந்த, தீப்பெட்டி அளவு வெள்ளைச் சார்ஜர். இரண்டுக்கும் ஒரே முனை. சொருகினால் விளக்கு எரியும். ஆனால் அரை வயிற்றுக் கஞ்சிக்கு எந்த மூளை முழு வேலை செய்யும்?

டெனீஸ் பையோடு உள்ளே வந்தாள்.

"இது என்னது?"

"அட, என் சார்ஜர்! கிடைச்சிடுச்சா?"

"என்னோடது எங்க?"

"துணி கிளிப்புக் கூடையில. நீ எட்டிப் பாக்காத இடமா வேணும்ல?"

"தினம் சாயங்காலம் மாத்தி, காலையில திரும்ப மாத்தி... என்னை ஏமாத்தி அஞ்சு வேலை வாங்கியிருக்கே!"

"கெஞ்சிப் பாத்தேன், எழுதி ஒட்டிப் பாத்தேன். பிராசஸர் சொன்னாத்தான் நீ கேக்குற."

கோபத்தில் காது சிவந்தாலும் மணி இரண்டே முக்கால். துணி காயப்போடும் கொடிக்கு ஓடிக் கூடையைக் கவிழ்த்தான். மூன்று மணிக்கு ரேஸ் தொடங்கியது. ரஸ்ஸலின் கார் சீறியது. நெவிலின் கார் பிள்ளைத் தள்ளுவண்டி மாதிரி வந்தது. நாலு சுற்று வித்தியாசத்தில் ரஸ்ஸல் ஜெயித்தான். நாற்காலி மேல் ஏறி ஆடினான்.

போன் அடித்தது. நெவில்.

"மச்சான், இது ஆட்டமே இல்லடா! செவ்வாய்க்கிழமையிலேர்ந்து என் லேப்டாப் படுத்துக்கிச்சு. உன்னோடதும் அப்படித்தான்னு டெனீஸ் சொன்னதா என் பொண்டாட்டி ஷெரில் சொல்றா. உன்னோடது எப்படிச் சரியாச்சு? சொல்லு, நானும் சரி பண்ணிக்கிறேன், திரும்ப ஓட்டுவோம்."

சார்ஜர் வைத்தியம் ஷெரில் வரைக்கும் போயிருக்கிறது! ரஸ்ஸல் டெனீஸைப் பார்த்தான். அவள் பட்டாணி உரித்தவாறு காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் மறுபடியும் ரேஸ். மறுபடியும் ஏப்ரன். ஆண்குலத்தின் மானம் ஒரு பக்கம், பதினான்கு நாள் டீ ஒரு பக்கம். ரஸ்ஸல் அதிக நேரம் யோசிக்கவில்லை.

"தூசிடா நெவில். உங்க கூரைத் தகரக் காவாயைச் சுத்தம் பண்ணி எத்தனை நாளாச்சு?"

"அதுக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்?"

"நிறைய இருக்கு. அங்கேர்ந்து ஆரம்பி. இப்போதைக்கு ஏப்ரனைத் துவைச்சு வச்சுக்கோ."

போனை வைத்துவிட்டு ராஜா மாதிரி சாய்ந்து உட்கார்ந்தான். டெனீஸ் எழுந்து வந்தாள். கனத்த சார்ஜரைப் பிடுங்கி, ஒயரைப் பதவிசாகச் சுற்றி, அவன் மடியில் வைத்தாள்.

"பத்திரமா வச்சுக்கோ. இனிமே இது எனக்குத் தேவைப்படாது. அடுத்த லீவுல பாத்ரூம் டைல்ஸ் முழுக்க மாத்தணும்."

"மாட்டேன்னா?"

"நெவில் நம்பர் என்கிட்டயும் இருக்கு. யாருக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரைன்னு உனக்கு இன்னும் ஞாபகம் இருக்குல்ல?"