கடல் இருந்தும் இறாலுக்குப் பேர் இல்லாத நாடு

சொந்தமாக மொழி உருவாக்குபவன், பெண் கேட்டுப் போகும் நாளில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இதைச் சொல்லும் தகுதி வன்னியிலேயே எனக்கு மட்டும்தான் இருக்கிறது.

கிளிநொச்சியில் ரியூசன் வகுப்பில் படிப்பித்துக்கொண்டே ஒரு மாயாஜால நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். அதில் வரும் கற்பனைச் சனத்துக்குத் தனிமொழி. சின்னப் பிராணிகள் என்றால் எனக்குக் கொள்ளை ஆசை. முயல் 'சுவேலி', கீரி 'ஓரவீன்'. மரத்தில் ஏறும் அணில் 'திம்லூ', இறங்கும் அணில் 'திம்ரா'. (அந்த நாட்டு அணிலுக்கு அடையாள அட்டை எடுப்பது கஷ்டம்.)

நான் விரும்பிய ஜெனிற்றாவின் வீடு நாயாற்றுக் கடற்கரையில். அப்பா கடற்தொழிலாளி, அவர் தலையாட்டினால்தான் கல்யாணம். "நாவலைப் பற்றி மட்டும் கதைச்சுப் போடாதேங்கோ" என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"படிப்பிக்கிறதைவிட வேற என்ன செய்யிறனீர் தம்பி?" என்று பெண் கேட்டுப் போன அன்று அவர் கேட்டதுதான் தாமதம், முயல் முதல் அணில் வரை ஒப்புவித்துவிட்டேன். அவர் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டே கேட்டார்.

"அந்த நாட்டில கடல் இருக்கோ?"

"ஓம், பெரிய கடல்."

"அப்ப நண்டுக்கு என்ன பேர்?"

நான் வயல்காரர் வீட்டுப் பிள்ளை. கடற்பிராணி எதுவும் நினைவிலேயே வந்ததில்லை.

"இறாலுக்கு?"

மானம் போகப் பார்த்தது. "கிலாரி" என்று அடித்துவிட்டேன். நண்டு 'பொசூ', திருக்கை 'நம்வேல்'. "கணவாய்க்கு?" என்று குசினிக்குள் இருந்து அவளுடைய அம்மாவும் கேட்டார். அதற்கும் ஏதோ உளறினேன்.

சாப்பாட்டில் இறால் குழம்பைக் காட்டி, "இதுக்கு என்ன சொன்னனீர்?" என்றார் அப்பா.

"மெ... மெசூனா."

"கிலாரி எண்டெல்லோ சொன்னனீர்? இப்ப சொன்னதே ஞாபகமில்லை. நாளைக்கு என்ர பிள்ளையின்ர பேரையும் மறந்திடுவீர்."

ஜெனிற்றா என்னைப் பார்க்கவே இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். (பக்கத்தில் இருந்தவர், யார் செத்தது என்று கேட்டார்.)

சில நாள் கழித்து ஜெனிற்றா போன் எடுத்தாள். "அப்பா கரையில நிண்டு 'கிலாரி, கிலாரி' எண்டு கூவி இறால் வித்தவராம். சனம் சிரிச்சுச் சிரிச்சு வாங்கிப் போட்டுதாம். மிச்ச மீனுகளுக்கும் பேர் வைக்க உங்களை வரட்டாம்."

போனேன். கல்யாணமும் நடந்தது. நாவல்தான் இன்னும் முடியவில்லை. ஆனால் மாமாவும் மாமியும் தங்கள் பாட்டில் சொற்களைச் சேர்த்து மொழியை நன்றாக வளர்த்துவிட்டார்கள். என்னைப் பற்றி ஏதாவது சொல்வதென்றால், என் முகத்துக்கு நேரேயே அதில் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் அது விளங்குவதில்லை.