ஹைபிரிட்டுக்கு வைத்த தேசிக்காய்

பயந்தவர்களில் இரண்டு வகை உண்டு. பயத்தைப் பயம் என்றே ஒப்புக்கொள்கிற நல்லவர்கள் ஒரு வகை. பயத்துக்கு ‘முன்யோசனை’ என்று பெயர் வைத்துக்கொண்டு வீட்டில் உள்ளவர்களின் உயிரை எடுப்பவர்கள் மற்ற வகை. நான் இரண்டாவது வகை. சில வருடங்களுக்கு முன் ஒரு மார்ச் மாதத்துச் சனிக்கிழமை காலை பதினொரு மணி வரைக்கும் நோர்வேயில், ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் எனக்கு முன்யோசனைக்காரன் என்றுதான் பெயர் இருந்தது. பதினொன்றே காலுக்கு அந்தப் பெயர் போய்விட்டது.

அப்போது வார நாட்களில் ஒரு பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சனி ஞாயிறுகளில் தமிழர் கல்யாணங்களுக்கு மணவறை போடுவேன். என் பழைய வான் அந்தக் குளிர்காலத்தோடு கண்ணை மூடிவிட்டது. மே மாதத்தில், மலைக்கு அப்பால் மேற்குக் கரையில் உள்ள ஸ்தவாங்கரில் என் மனைவி வசந்தியின் அக்கா கலாவின் மகளுக்குக் கல்யாணம். மணவறை என் பொறுப்பு. தூண்கள், பட்டுத் துணிகள், ரெஜிபோமில் (தெர்மோகோல்) செய்த இரண்டு வெள்ளை யானைகள், எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு மலை தாண்டிப் போக ஒரு சிறிய பிக்கப் வேண்டும்.

ஊர் முழுக்க மின்சாரக் காருக்கு மாறிவிட்ட பிறகு இந்த மனிதன் ஏன் பெற்றோல் வண்டியைத் தேடினான் என்று நீங்கள் கேட்கலாம். (வசந்தியும் கேட்டாள்.) மலை உச்சியில், கொட்டும் பனியில், பட்டரி இறங்கிப்போய், பின்னால் இரண்டு யானைகளோடு நான் வீதியோரம் நிற்பதாக மூன்று முறை கனவு கண்டிருந்தேன். அதற்கு மேல் ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

பக்கத்து ஊரான லில்லெஸ்ட்ரோமில் அமெரிக்காவிலிருந்து வாகனம் இறக்கி விற்கும் ஒரு கடையில் அப்படிப்பட்ட பிக்கப் இரண்டு நின்றன. ஒரே உடம்பு, ஒரே நிறம். ஒன்றுக்குள் ஹைபிரிட் எஞ்சின், மற்றதற்குள் டர்போ. விற்பனையாளர் கார்த்தி கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை, தங்கமான மனுஷன்.

“ஹைபிரிட் எடுத்தீங்கன்னா பெட்ரோல் மிச்சம் சார். மெதுவா போறப்போ மோட்டார்லயே ஓடும், சத்தமே வராது. டர்போன்னா லோடு ஏத்திட்டு மலைல சும்மா பறக்கும். உங்களுக்கு எது முக்கியம் சார்?”

“எது பாதுகாப்பு?” என்றேன்.

“ரெண்டுமே சேஃப்தான் சார்.”

“ஓம், விளங்குது. ரெண்டிலையும் எது கூடப் பாதுகாப்பு?”

அடுத்த இரண்டு வாரங்களில் கார்த்திக்குப் பதினொரு முறை தொலைபேசி எடுத்தேன். சீற்றுக்கு அடியில் இருக்கும் பட்டரி நெருப்புப் பிடிக்குமா? டர்போ சூடேறி வெடிக்குமா? பனி உருகித் தண்ணீர் உள்ளே போனால் கரண்ட் அடிக்குமா? கடைசி நாட்களில் அவர் “வணக்கம்” சொல்லுமுன் பெருமூச்சு ஒன்று கேட்கும். நாட்டில் சிக்னல் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வசந்தி ஒஸ்லோவில் பேருந்து ஓட்டுகிறவள். நீளமான பேருந்து, நிறையச் சனம், கண்ணாடி மாதிரி உறைந்த வீதி, இதுதான் அவளுடைய அன்றாடம். இரண்டு வண்டியையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடத்தில் முடிவு சொல்லியிருப்பாள். நானோ, “எஞ்சின் விஷயத்தை என்னட்டை விடும். நான் யோசிச்சுச் செய்யிறன்,” என்று சொல்லிவிட்டேன். அவளும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டாள். அந்தச் சிரிப்பின் பொருளை அன்று நான் கவனிக்கவில்லை.

முதல் சனிக்கிழமை டர்போவை ஒரு நாளைக்கு ஓட்டிப் பார்க்கக் கொண்டுவந்தேன். நல்ல வண்டி. ஆனால் மேட்டில் மிதித்தால் எஞ்சினுக்குள்ளிருந்து மெல்லிய விசில் ஒன்று எழும்பும். எங்கள் வயதுக்காரருக்கு விசில் என்பது லேசான காரியம் இல்லை. சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் ஷெல் கூவிக்கொண்டு வரும் சத்தம் கேட்டால் கையில் உள்ளதைப் போட்டுவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடிப் பழகியவர்கள் நாங்கள். நோர்வேக்கு வந்து முப்பது வருடம் ஆகப்போகிறது, மூளை மறந்ததைக் கால் மறக்கவில்லை. விசில் வராத வேகம் எது என்று தேடி, கடைசியில் சைக்கிள்காரர்கள் முந்திப் போகும் வேகத்தைக் கண்டுபிடித்தேன். எனக்குப் பின்னால் லில்லெஸ்ட்ரோம் வரைக்கும் கார்கள் வரிசையாக வந்தன. கோயில் தேருக்குக்கூட அவ்வளவு கூட்டம் வராது.

அடுத்த சனிக்கிழமை ஹைபிரிட். அது சத்தமே போடவில்லை. வீதிச் சந்தியில் நின்றால் எஞ்சின் செத்துவிட்டதா, உயிரோடு இருக்கிறதா என்று தெரியாது. மிதித்தால் ஆவி மாதிரி நகரும். சத்தம் போட்ட வண்டியில் வியர்த்தது. சத்தம் போடாத வண்டியில் குளிர்ந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

வசந்தியை ஏற்றிக்கொண்டு போகலாம் என்று எங்கள் குடியிருப்பின் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். அது லேசான இறக்கம். இறக்கத்தின் அடியில் பேருந்து ஓடும் பெரிய வீதி. வசந்தி ஏறி உட்கார்ந்து, கைத்தொலைபேசியில் கலா அக்காவை வீடியோவில் கூப்பிட்டு, மணவறைத் துணியின் நிறத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாள். நான் பையிலிருந்து நான்கு தேசிக்காய்களை எடுத்தேன். (கார்த்தியின் ஊரில் எலுமிச்சம்பழம்.)

“இதென்ன?” என்றாள்.

“சில்லுக்கு வைக்க.”

“இஞ்சேருங்கோ, இது நாங்கள் வாங்கின வாகனம் இல்லை. கடைக்காரன்ரை வாகனம். பின்னேரம் திருப்பிக் குடுக்கப்போறம்.”

“ஆற்றை வாகனமெண்டாலும் ஏறிப் போறது நாங்கள்தானே? போன கிழமை டர்போவுக்கும் வைச்சனான்.”

“எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னால் சிரிப்பீர்.”

உண்மையில் என்னிடம் அதற்கு ஒரு விஞ்ஞானக் காரணமும் இருந்தது. டர்போவுக்குத் தேசிக்காய் வைத்து, ஹைபிரிட்டுக்கு வைக்காமல் ஓட்டினால் அந்தப் பரீட்சை எப்படி நியாயமாகும்? இரண்டுக்கும் ஒரே நிபந்தனை வேண்டாமா? இதை நான் மெய்யாகவே நம்பினேன் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

கியருக்கு அந்த வண்டியில் வட்டமான குமிழ் ஒன்று. அதைக் கடைசிவரை, ‘பார்க்’குக்குத் திருப்பினேன் என்று நினைத்து, இரண்டு நிலை முன்னதாக, நியூட்ரலில் விட்டேன். கை பிறேக் என்று இழுப்பதற்கு ஒன்றும் கண்ணில் படவில்லை. எஞ்சின் சத்தம் இல்லை, ஆகவே வண்டி நின்றுவிட்டது என்பது என் முடிவு. கதவைத் திறந்ததும் வண்டி ‘டிங், டிங்’ என்று அடித்தது.

“பெல்ட்டைப் போடும், கத்துது,” என்று வசந்திக்குச் சொல்லிவிட்டு இறங்கினேன்.

உறைபனி அள்ளும் இயந்திரம் விட்டுப்போன ஒரு பனிக்கட்டி முன்சில்லுக்கு முன்னால் கிடந்தது. தேசிக்காயை வைக்க இடம் இல்லை. சப்பாத்துக் குதியால் நான்கு உதை உதைத்து அந்தக் கட்டியை அப்புறப்படுத்தினேன். அவ்வளவு நேரமும் அந்த வண்டியைப் பிடித்து வைத்திருந்த ஒரே பொருள் அந்தப் பனிக்கட்டிதான் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அந்த இடத்தில் பக்குவமாகத் தேசிக்காயை வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டேன்.

கண்ணைத் திறந்தபோது சில்லு தேசிக்காய் மேல் ஏறிக்கொண்டிருந்தது. ‘பிச்’ என்று சாறு என் முகத்தில் தெறித்தது. முதலில் வந்த எண்ணம், ‘நல்லாய் நசிஞ்சிட்டுது, நல்ல சகுனம்.’ இரண்டாவது எண்ணம், ‘அப்ப ஆர் ஓட்டுறது?’

ஒருவரும் ஓட்டவில்லை. வண்டி ஒரு சத்தமும் இல்லாமல் என்னைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே வசந்தி தொலைபேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போகிறாள். கீழே பெரிய வீதியில் ஒரு சிவப்புப் பேருந்து வருவது தெரிந்தது. இருபது வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவள், என் பிள்ளைகளின் தாய், என் கண் முன்னால் போய்க்கொண்டிருக்கிறாள்.

இந்த இடத்தில் ஒரு கணவன் என்ன செய்ய வேண்டும்? கதவைப் பிடித்து இழுக்கலாம். ஓடிப்போய்ப் பிறேக்கை அமத்தலாம். குறைந்தபட்சம் வண்டி போகிற பக்கமாவது ஓடலாம்.

நான் எதிர்ப்பக்கம் ஓடினேன்.

“ஐயோ! ஐயோ!” என்று கத்திக்கொண்டு, மிச்சம் மூன்று தேசிக்காய்களையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பனியில் ஒரு தடவைகூட வழுக்காமல் எங்கள் கட்டடத்து வாசலுக்குள் புகுந்தேன். அதோடு விட்டேனா? கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினேன். சாத்திவிட்டு அதன் பின்னால் குந்திக்கொண்டேன். வண்டி கீழ்நோக்கிப் போகிறது, நான் மேல்நோக்கி வந்துவிட்டேன், எனக்கு எந்த ஆபத்தும் இல்லை. ஆனாலும் கைப்பிடியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்திருந்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பத்து விநாடி இருக்கலாம். அந்தப் பத்து விநாடியும் எனக்குச் சத்தியமாக உயிர் இல்லை. இடிச் சத்தத்தைக் காதால் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். சத்தம் வரவில்லை. கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். பெரிய வீதிக்கு ஒரு கார் நீளம் இருக்கையில் பிக்கப் நின்றது. அதற்கு அப்பால் பேருந்து தன்பாட்டில் போனது.

வசந்தி இறங்கி, மெதுவாக ஏறி வந்து, கண்ணாடியில் தட்டினாள்.

“கதவைத் திறவுங்கோ.”

நான் திறக்கவில்லை. உள்ளேயிருந்தபடி, “நிண்டிட்டுதோ?” என்று கேட்டேன்.

அவள் கையிலிருந்த தொலைபேசியிலிருந்து கலா அக்காவின் குரல் வந்தது. “வசந்தி, அந்த மனுஷன் இன்னும் உள்ளையே இருக்கிறார்?”

வசந்தியின் கையிலிருந்த தொலைபேசி அவள் தோளுக்கு மேலால் பின்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்திருக்கிறது. நான் ஓடிய ஓட்டம் முழுவதையும் கலா அக்கா ஸ்தவாங்கரில் தன் குசினியில் இருந்தே பார்த்திருக்கிறாள். அன்று பின்னேரத்துக்குள் அங்குள்ள தமிழர் வீடுகள் எல்லாவற்றுக்கும் செய்தி போய்விட்டது.

வண்டியைத் திருப்பிக் கொடுக்க வசந்திதான் ஓட்டினாள். மிச்சத் தேசிக்காய்கள் மூன்றும் என் மடியில் இருந்தன. லில்லெஸ்ட்ரோம் வரைக்கும் நான் பட்ட வெட்கத்தை எழுதிக் காட்ட முடியாது. அவள் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

கார்த்தி வண்டியைச் சுற்றி வந்து முன்சில்லில் ஒட்டியிருந்த தோலைப் பார்த்தார்.

“சார், டெஸ்ட் டிரைவ் வண்டிக்கா எலுமிச்சம்பழம் வச்சீங்க? எங்க ஊர்ல வண்டி வாங்கின பிறகுதான் சார் வைப்போம்.”

“ஹைபிரிட்டா, டர்போவா, முடிவு பண்ணிட்டீங்களா சார்?” என்று அவர் என்னைக் கேட்டார். பதில் வசந்தியிடமிருந்து வந்தது.

“டர்போ. ஹைபிரிட்டிலை ஒரு பிழையும் இல்லைத் தம்பி. ஆனால் எங்கடை வீட்டுக்குச் சத்தம் போடுற வாகனம்தான் சரி.”

மே மாதம் அந்த டர்போவில் மலை தாண்டினோம். ஓட்டியது வசந்தி. மேட்டில் விசில் எழும்பும்போதெல்லாம் என் கை கதவின் கைப்பிடிக்குப் போகும். அவள் பார்க்காதது மாதிரி ஓட்டுவாள். யானைகள் பத்திரமாக வந்து சேர்ந்தன. ஆனால் கல்யாண மண்டபத்தில் நான் கால் வைத்ததும் மாப்பிள்ளைப் பையனே எழும்பி வந்து, “மாமா, அவசரத்துக்கு ஓடுற கதவு அந்தப் பக்கம்,” என்று காட்டினான். அன்றிலிருந்து நோர்வேயில் எந்தத் தமிழர் வீட்டுக்குப் போனாலும் எனக்குத் தேத்தண்ணீர் தருமுன் கதவு எங்கே இருக்கிறது என்று காட்டுவார்கள். என் பிள்ளைகள் அந்த ஓட்டத்தை நடித்தே காட்டுவார்கள், தேசிக்காய்க்குப் பதில் தோடம்பழம் (கார்த்தியின் ஊரில் ஆரஞ்சு).

கல்யாணம் முடிந்து திரும்பும்போது, மலையில் வண்டிகள் குறைந்த ஓரிடத்தில், மனதை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

“வசந்தி, அண்டைக்கு நான் உம்மை விட்டிட்டு ஓடினது உமக்குக் கவலையாய் இருந்ததோ?”

அவள் வீதியைப் பார்த்தபடியே சொன்னாள்.

“நான் பயப்படேல்லை எண்டுதானே எல்லாரும் நினைக்கினம்? வண்டி உருளுது, பக்கத்துச் சீற்றிலை ஆள் இல்லை, கீழை பஸ் வருது. என்ரை கையும் காலும் விறைச்சுப்போச்சு. எவ்வளவு வருஷம் பஸ் ஓட்டுறன், பிறேக் பட்டன் எங்கை இருக்குமெண்டு ஒண்டும் நினைவு வரேல்லை. அப்பதான் பக்கக் கண்ணாடியிலை நீங்கள் தேசிக்காயைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு ஓடுறது தெரிஞ்சுது. எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. சிரிச்ச உடனை விறைப்புப் போட்டுது. கை தானாய்ப் போய் பட்டனை இழுத்திட்டுது.”

கண்ணைத் துடைத்துவிட்டு, “அப்ப, நான் ஓடினபடியால்தான் நீர் தப்பினனீர். இதைப் பிள்ளையளுக்கும் கலா அக்காவுக்கும் சொல்லட்டோ?” என்று கேட்டேன்.

“வேண்டாம்,” என்றாள் வசந்தி. “நல்லாயிருக்கிற கதையைப் பழுதாக்காதேங்கோ.”