பச்சையாய் நின்ற ஒன்று

செடியின் கீழ் இலை மஞ்சளாகியிருந்தது. நுனியில் மட்டும்தான், கடுகளவு. சர்க்கரை சாருக்குத் தூக்கம் போக அதுவே போதுமாயிருந்தது.

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு அந்தப் பெயர்தான். வேலை அப்படி. இலையில் சர்க்கரை நிறைந்துவிட்டால் எந்தச் செடியும் போதுமென்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அப்படி உட்காரச் சொல்லும் மரபணு பழுதான செடி ஒன்று கிடைத்தால், அதைப் பார்த்து ஓயாமல் விளையும் பயிரை உருவாக்கலாம். அதற்காகச் சர்க்கரை கலந்த கூழில் வருடக்கணக்காக விதை தூவினார். முளைத்ததெல்லாம் வெளுத்துச் சுருண்டது. ஒன்றே ஒன்று பச்சையாய் நின்றது. அதைச் சின்னக் கிண்ணத்து மண்ணுக்கு மாற்றி, பெயர்க்குச்சி குத்தி, கண்ணில் வைத்துக் காத்தார். அது விதை வைத்தால் வேலை நீளும். இல்லையென்றால் இந்த மாதத்தோடு சரி.

உடன் வேலை பார்க்கும் ஆய்வு மாணவி அக்காவின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள். "அண்ணா, சும்மா சும்மா கையில எடுத்துப் பார்க்காதீங்க. அதுக்கு மூச்சு முட்டுது" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

மஞ்சளைக் கண்டதும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். மனசு கேட்காமல் இன்னும் கொஞ்சம். மண் சேறானது. சேறு காயட்டுமென்று மின்விசிறிப் பக்கம் நகர்த்தினார். தண்டு சாய்ந்தது. நிமிர்த்திக் கட்டப் பல் குத்தும் குச்சியை நட்டார். அது நேரே வேரில் இறங்கியது.

மனைவி போனில் கூப்பிட்டாள். "சாப்பிட வரீங்களா, இல்லையா?"

"செடிக்கு முடியல."

மறுமுனையில் தட்டை மூடி வைக்கும் சத்தம் கேட்டது.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்போ, மாத்திரை எங்க இருக்குன்னு என்னையே எழுப்பிக் கேட்டீங்க. அதையாவது நல்லாப் பாருங்க" என்று வைத்துவிட்டாள்.

நன்றாகத்தான் பார்த்தார். வெளிச்சம் போதவில்லையென்று விளக்கைக் கிட்டத்தில் இறக்கிவிட்டுப் போனார். காலையில் கிண்ணத்துக்குள் பழைய நூல்துண்டு போல ஏதோ படுத்திருந்தது.

அதன் எதிரே உட்கார்ந்தார். அழவில்லை. எதுவும் தோன்றவுமில்லை. வராந்தாவில் இயக்குநரின் செருப்புச் சத்தம் கேட்டபோதுதான் உடம்பில் உயிர் வந்தது.

ஒப்பிட்டுப் பார்க்க வளர்த்த சாதாரணச் செடிகள் பக்கத்துத் தட்டில் குழிக்கு ஒரு சின்னக் கிண்ணமாக நின்றன. ஓரத்துக் குழியில் ஒன்று, அச்சு அசல் அதே மாதிரி. அதைக் கிண்ணத்தோடு உருவினார். செத்ததின் பெயர்க்குச்சியைப் பிடுங்கி இதில் குத்தினார். செத்தது சட்டைப்பைக்குப் போனது.

"பரவாயில்லையே, நல்லாத் தேறிடுச்சு" என்றார் இயக்குநர், குனிந்து பார்த்து. "நேத்துப் பார்த்தப்போ எழவு வீடு மாதிரி இருந்துச்சு."

"உங்க ஆசீர்வாதம் சார்."

"நாளைக்கு ஒரு இலை கிள்ளிக் குடுங்க, மரபணு சோதனைக்கு அனுப்பிடலாம். ரிசல்ட் வந்ததும் உங்க வேலை நீட்டிப்பு ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுடறேன்."

அவர் போன பிறகு சர்க்கரை சார் யோசித்தார். செடி செத்தது என்றால் வெறும் துரதிர்ஷ்டசாலி. செடி பொய்யென்று சோதனையில் தெரிந்தால் திருடன். துரதிர்ஷ்டசாலிக்கு எங்காவது வேலை கிடைக்கும். திருடனை எந்த ஆய்வுக்கூடமும் வாசலிலேயே நிறுத்திவிடும்.

பூசணம் பிடித்த செடி எதுவானாலும், மற்றவற்றுக்குப் பரவுமுன் நீராவிக் கொதிகலனில் போட்டு அவித்துவிட வேண்டும் என்பது அங்கே விதி. விதி என்றைக்கும் யாரையும் கேள்வி கேட்காது.

கொதிகலனுக்குள் வைக்கும்போது செடியைப் பார்த்தார். நிமிர்ந்து, ஒரு குறையுமில்லாமல் நின்றது. "உன்மேல தப்பில்லம்மா" என்று சொல்லி மூடியை இறுக்கினார். கொதிகலன் சீறி அடங்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

மறுநாள் இயக்குநர் இலைக்காக வந்தார்.

"பூசணம் சார். பரவிடும்னு உடனே அவிச்சிட்டேன்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார்.

"இத்தனை வருஷ உழைப்பு. ரூலுக்காக உங்க கையாலேயே..." கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனா. இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்கச் சொல்லி நானே எழுதறேன். மறுபடி தேடுங்க."

சர்க்கரை சார் தலைகுனிந்து நின்றார். பொய்யின் பாரம் நெஞ்சில் இருந்தது. ஆனால் வேலையும் இருந்தது. பாரத்தோடு வாழப் பழகிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

அப்போது செடி அறையிலிருந்து, ஊர்ப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே மாணவி வந்தாள்.

"அண்ணா, நம்ம செடிய எங்க எடுத்து வச்சீங்க? நீங்க பார்த்துப் பார்த்தே கொன்னுடுவீங்கன்னு, பேர்க்குச்சிய வேற செடியில குத்திட்டு, நிஜமானதை சாதாரணச் செடிங்களோட ஓரத்துக் குழியில ஒளிச்சு வச்சிட்டுப் போனேன், இப்போ அந்தக் குழி காலியா இருக்கே."