இடுப்பில் ஒரு முட்டை

பெண் பார்க்க வருகிறவர்கள் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். நடை எப்படி, குரல் எப்படி, தலைமுடி சொந்தமா சவுரியா என்று பார்ப்பார்கள். காபி யார் போட்டது என்று கேட்பார்கள். (அம்மா போட்டது. எல்லா வீட்டிலும் அம்மா போட்டதுதான். அது அவர்களுக்கும் தெரியும்.) ஆனால் பெண் இடுப்பில் என்னத்தைச் செருகிக்கொண்டு வந்து நிற்கிறாள் என்று மட்டும் யாரும் சோதனை போடுவதில்லை. போட்டிருந்தால் நான் காபித் தட்டோடு ஹாலுக்குள் நுழையும்போதே மாட்டியிருப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை இது. மைசூர் விஜயநகரில் அப்பா புது வீடு கட்டிக் குடிபோயிருந்தார். தினமும் நஞ்சன்கூட்டுக்குப் போய் அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு வருவார். வீட்டைச் சுற்றிலும் இன்னும் வீடு எழும்பாத காலி சைட்டுகள். சைட் நிறையப் புதர், புதர் நிறையக் கீரி. அம்மா பின்பக்கத்தில் ஆசையாக ஒரே ஒரு நாட்டுக்கோழி வைத்திருந்தாள். சேவல் பக்கத்து வீட்டுடையது. அது அடைகாத்துக்கொண்டிருந்த சமயத்தில் ஒருநாள் பட்டப்பகலில் கீரி வந்து அதைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. கூடையில் முட்டைகள் மட்டும் சூடு ஆறாமல் கிடந்தன. பாதி அடைகாத்த முட்டை எதற்கும் உதவாது, தூக்கிப் போட்டுவிடலாம் என்றாள் அம்மா.

நான் அப்போது பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா என்றால் அவ்வளவு சும்மா இல்லை. கோழிக்கருவை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, பாகங்களுக்குப் பெயர் எழுதி மார்க் வாங்கியவள். அந்தத் திமிரில், "நான் பொரிக்க வெக்கறேன்" என்றேன். அப்பா பேப்பரைக் கொஞ்சம் இறக்கி என்னைப் பார்த்தார்.

"எப்படி, நீயே மேல உக்காரப் போறியா?" என்று கேட்டுவிட்டு மறுபடி பேப்பரைத் தூக்கிக்கொண்டார்.

ரோஷம் வந்துவிட்டது. புது டிவி வந்த தெர்மோகோல் பெட்டி, ஒரு நாற்பது வாட் பல்பு, ஈரப்பதத்துக்கு ஒரு கிண்ணம் தண்ணீர், கல்லூரி லேபில் கெஞ்சி வாங்கி வந்த தெர்மாமீட்டர். இன்குபேட்டர் தயார். ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். வேளாவேளைக்குத் திருப்பி வைக்க வேண்டும் அல்லவா? எல்லாவற்றையும் யோசித்தேன். மூடியில் ஒரு கண்ணாடித் துண்டைப் பதித்தால் திறக்காமலே உள்ளே பார்க்கலாம் என்பது மட்டும் தோன்றவில்லை. பிறகு நடந்த அத்தனைக்கும் அந்தக் கண்ணாடித் துண்டு இல்லாததுதான் காரணம்.

இதற்கு நடுவில்தான் கொள்ளேகாலிலிருந்து அந்த வரன் வந்தது. பட்டு வியாபாரக் குடும்பம். பையனுக்குப் பேங்கில் வேலை. போட்டோவில் சற்றே மிரண்ட முகத்தோடு இருந்தான். எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. வெளியே சொல்லவில்லை. 'உங்க இஷ்டம்ப்பா' என்று தலையைக் குனிந்துகொண்டேன். (தனியாக இருந்தபோது அந்தப் போட்டோவை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்பது இங்கே வேண்டாம்.)

தரகர் ஒரே ஒரு எச்சரிக்கை கொடுத்திருந்தார். அந்த வீட்டில் பையனுடைய பெரியப்பா வைத்ததுதான் சட்டம். அவர் பெண்ணிடம் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்று, பெரியவர்கள் காலில் முறையாக விழுந்து கும்பிட வேண்டும். போன மாதம் பார்க்கப் போன பெண், காலேஜ் லெக்சரர், லேசாகக் குனிந்து நிமிர்ந்துவிட்டாளாம். பெரியப்பா பஜ்ஜியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டாராம். அம்மா என்னை ஹாலில் நிற்க வைத்து, சோபாவைப் பெரியப்பாவாகப் பாவித்து, விழுந்து எழப் பழக்கினாள். நானும் நன்றாகவே விழுந்தேன்.

அவர்கள் ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. முட்டைகள் அதற்கு முன்னாலேயே பொரிந்து முடிந்துவிடும் என்பது என் கணக்கு. கோழி என்றைக்கு அடையில் உட்கார்ந்தது என்பது அம்மாவுக்கே சரியாக நினைவில்லை. ஆகவே கணக்கு தப்பியது. சனிக்கிழமை காலையில்தான் முட்டைக்குள்ளிருந்து கீச் கீச் என்று சத்தமே கேட்க ஆரம்பித்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு மூடியைத் திறக்காமல் இருக்க எனக்குத் தெரியவில்லை. திறந்து பார்த்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒவ்வொரு தடவையும் உள்ளேயிருந்த ஈரக்காற்று முகத்தில் வந்து மோதும். ஆகா, என்ன ஒரு கதகதப்பு என்று ரசித்தேனே தவிர, உள்ளே இருக்கவேண்டிய ஈரம்தான் இப்படி வெளியே போகிறது என்று புத்திக்கு எட்டவில்லை. "சும்மா திறந்து திறந்து பாக்காதடி, கோழிகூட இத்தனை தரம் எந்திரிச்சுப் பாக்காது" என்று அம்மா சமையல்கட்டிலிருந்து சொன்னாள். படித்தவள் நான், கேட்பேனா?

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது ஏழெட்டுக் குஞ்சுகள் வெளியே வந்து, உலர்ந்து, பஞ்சு உருண்டைகளாக உருண்டுகொண்டிருந்தன. ஒன்றிரண்டு முட்டைகளில் அசைவே இல்லை. ஒரே ஒரு முட்டையில் மட்டும் நேற்றே போட்ட ஓட்டை அப்படியே இருந்தது. ஓட்டைக்குள்ளே ஒரு குட்டி அலகு திறந்து திறந்து மூடியது. ஓட்டுக்கு அடியிலிருக்கும் வெள்ளைச் சவ்வு காய்ந்துபோய், அப்பளம் மாதிரி மொரமொரவென்று குஞ்சின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால் திரும்பவும் முடியவில்லை, உதைக்கவும் முடியவில்லை. நான் மூடியைத் திறந்து திறந்து பார்த்ததன் பலன்தான் அது.

வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துச் சவ்வின் மேல் ஒற்றி, ஓட்டைத் துணுக்குத் துணுக்காக உரித்தேன். கொஞ்சம் உரித்ததும் சவ்வில் நூல் மாதிரி ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. ரத்தக்குழாயில் இன்னும் ரத்தம் ஓடுகிறது. அதற்கு மேல் உரித்தால் குஞ்சு ரத்தம் கொட்டிச் செத்துவிடும். ஈரம் காயாமல், சூடு குறையாமல் வைத்துக்கொண்டு பொறுத்திருக்க வேண்டியதுதான். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, கையில் பஞ்சு என்று நான் பெட்டி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தபோது பல்பு அணைந்தது. ஞாயிற்றுக்கிழமையும் கரண்ட் எடுத்துவிட்டார்கள். அதே நேரத்தில் வாசலில் அம்பாசிடர் கார் வந்து நின்றது.

உலர்ந்த குஞ்சுகளை ஒரு பழைய ஸ்வெட்டரில் சுற்றி வைத்தேன். அவை ஒன்றோடொன்று ஒண்டிச் சமாளித்துக்கொள்ளும். ஈரமாக, பாதி ஓட்டுக்குள் கிடக்கும் இதை என்ன செய்வது? அடுப்பில் பஜ்ஜிச் சட்டி. வெயிலில் வைத்தால் காக்காய். வீட்டில் நம்பகமான சூடு மிச்சமிருந்த ஒரே இடம் என் உடம்புதான். முட்டையை ஈரத்துணியில் சுற்றி, பெண்கள் சில்லறை முடிந்துகொள்ளும் இடுப்பு மடிப்பில் செருகிக்கொண்டேன். அப்பா அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் என்று அப்போது நினைக்கவில்லை. அதற்கெல்லாம் நேரம் இல்லை. அம்மா காபித் தட்டைக் கையில் திணித்து, முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள்.

ஹாலில் பையன், பையனுடைய அம்மா, நடுநாயகமாகப் பெரியப்பா. முட்டை நசுங்கிவிடக் கூடாதே என்று நான் அடிமேல் அடிவைத்து, இடுப்பு அசையாமல் நடந்தேன். பையனுடைய அம்மாவின் முகம் மலர்ந்தது. என்ன அடக்கமான நடை என்று அம்மாவிடம் மெல்லச் சொன்னார். காபி கொடுத்து முடித்தேன். பெரியப்பா டம்ளரை வைத்துவிட்டு, கால்கள் இரண்டையும் சேர்த்து வசதியாக நீட்டிக்கொண்டார். அம்மா கண்ணைக் காட்டினாள்.

நான் கைகூப்பினேன். அதோடு நின்றேன்.

"கால்ல விழுந்துக்கம்மா" என்றார் அப்பா.

விழுந்தால் முட்டை எனக்கும் தரைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். விழாவிட்டால் போட்டோவில் பார்த்தவன் கொள்ளேகாலுக்குத் திரும்பிப் போய்விடுவான். நிமிர்ந்து அவனைப் பார்த்தேன். போட்டோவில் இருந்ததைவிட அதிகமாக மிரண்டுபோய் இருந்தான். பதற்றத்தில் எனக்குக் கன்னடம்தான் வாயில் வரும். "ஆகல்ல" என்றேன். அது போதாதென்று தமிழிலும், "முடியாதுங்க" என்றேன். ஒரு மரியாதைக்காரரிடம் முடியாது என்பதை இரண்டு பாஷையில் சொன்னவள் அந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பெரியப்பா நீட்டிய காலை மெதுவாக மடக்கிக்கொண்டார். பையனுடைய அம்மா என் அம்மாவிடம் குனிந்து, "ஏனுங்க, பொண்ணுக்கு முதுகுல ஏதாச்சும் கோளாறுங்களா?" என்று கேட்டார். அம்மா இல்லவே இல்லை என்று சொல்ல, அப்படியானால் திமிர்தான் என்று ஆகிவிட்டது. அப்பா அவர் பங்குக்கு, பொண்ணு காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று எதையோ சொல்லிவைத்தார்.

அப்போது என் இடுப்பிலிருந்து ஒரு 'கீச்'.

பெரியப்பா சட்டென்று சுவரைப் பார்த்தார். பல்லி சொல்கிறதாம். எந்தத் திசை என்று கேட்டார். கிழக்கு என்றார் பையனுடைய அம்மா. இல்லை, தென்கிழக்கு என்றார் என் அப்பா, எது நல்ல பலன் என்று தெரியாமலே. இரண்டு பேரும் டியூப்லைட்டுக்குப் பின்னால் பல்லியைத் தேடிக்கொண்டிருக்கும்போது மறுபடி இரண்டு கீச். எல்லோரும் திரும்பி என் வாயைப் பார்த்தார்கள். நான் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன். இன்னொரு கீச்.

பெரியப்பாவின் கண் என் புடவைக்கு இறங்கியது. ஆயுசு முழுக்கப் பட்டு விற்றவர். மானம், மரியாதை எல்லாம் அப்புறம், முதலில் துணி.

"பட்டுல ஈரம் ஏறுது அம்முணி. கறை நின்னுக்கும். என்ன வெச்சிருக்கறே அங்க?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, மடிப்பிலிருந்து துணிப்பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன். கரண்ட் போய்விட்டது, இது செத்துவிடும், விழுந்தால் நசுங்கிவிடும் என்று அழுதுகொண்டே சொன்னேன். சிவப்புக் கோடு மறைந்திருந்தது. சவ்வு ஈரத்தில் இளகியிருந்தது. கடைசித் துண்டு ஓட்டை விரல் நகத்தால் நெம்பினேன். குஞ்சு ஒரு உதை உதைத்து, ஓட்டை விட்டுத் துணியோடு சறுக்கி வெளியே வந்து விழுந்தது. எழுந்திருக்கத் தெம்பில்லை. கால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் பரப்பிக்கொண்டு, கழுத்தை நீட்டி, பெரியப்பாவின் பாதத்துக்கு நேராகக் குப்புறக் கிடந்தது.

பெரியப்பா குனிந்து அதைப் பார்த்தார்.

"பரவால்ல. இந்த வீட்டுல ஒருத்தராச்சும் கால்ல விழுந்தாங்க" என்றார்.

முதலில் சிரித்தது பையனுடைய அம்மா. பிறகு பெரியப்பாவே சிரித்தார். என் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெண்ணும் பையனும் தனியாகப் பேசட்டும் என்று எங்களை வராந்தாவுக்கு அனுப்பினார்கள். பேசுவதற்கு என்ன இருக்கிறது? கரண்ட் வரவில்லை, குஞ்சு நடுங்கியது. அவன் சலவை மடிப்புக் கலையாத கைக்குட்டையை விரித்து அதை வாங்கிக்கொண்டான். பரப்பிக்கிடந்த கால்களைச் சேர்த்து நான் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டினேன். இது பிழைக்குமா என்று கேட்டான். தெரியாது என்றேன். "அப்பச் சரி, நான் கொஞ்ச நேரம் வெச்சிருக்கறேங்க" என்று இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். காபி ஆறியது, கேசரி ஆறியது, உள்ளேயிருந்து கிளம்பலாம் என்று இரண்டு தடவை குரல் வந்தது. கரண்ட் வந்த பிறகுதான் எழுந்தான். எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது.

அடுத்த வாரம் தரகர் வந்து, அவர்களுக்குச் சம்மதம் என்றார். கூடவே, குஞ்சு நடக்கிறதா என்று மாப்பிள்ளை கேட்டுவரச் சொன்னதாகவும் சொன்னார். நடந்தது, ஒரு காலை லேசாக இழுத்துக்கொண்டு. கல்யாணத்துக்குள் அது சேவலாகி என்னோடு கொள்ளேகாலுக்கு வந்தது. எந்தத் திருவிழாவுக்கும் அதன் மேல் கத்தி படவில்லை. கால்ல விழுந்தவனை வெட்டக் கூடாது என்று பெரியப்பாவின் உத்தரவு. நேரங்கெட்ட நேரத்திலெல்லாம் கூவி, எல்லோரையும் படுத்தி எடுத்து, கிழடாகித்தான் போனது.

கல்யாண மேடையில் நான் பெரியப்பா காலில் விழக் குனிந்தபோது, ஊர் முழுக்கக் கேட்கும்படி, "இடுப்பத் தட்டிப் பாத்துக்கிட்டு விழு அம்முணி" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குனிய மறுக்கிற எல்லோருக்கும் இடுப்பில் முட்டைதான். வீடு கூட்டச் சொன்னால் பிள்ளைகளுக்கு முட்டை. கீழே விழுந்த பேனாவை எடுக்கச் சொன்னால் என் வீட்டுக்காரருக்கு முட்டை. முட்டி மடங்காத கடைசிக் காலத்தில் பெரியப்பாவே கோயிலில் நின்றபடி கும்பிட்டு, "என்ற இடுப்புலயும் இருக்குது சாமி, மன்னிச்சுக்க" என்பார்.

போன வருஷம் என் மகன், தான் கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணைப் பெங்களூரிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தான். அந்தப் பெண் எல்லோருக்கும் கைகூப்பிவிட்டு நின்றது. காலில் விழவில்லை. "இவளும் முட்டையோட வந்திருக்கறா" என்றார் என் வீட்டுக்காரர். வீடே சிரித்தது. ஒன்றும் புரியாமல் நின்ற பெண்ணை உள்ளே கூட்டிப்போய் முழுக் கதையையும் சொன்னேன். என் சாகசத்தை எல்லாம் விலாவாரியாகத்தான் சொன்னேன். அவள் கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "அதெல்லாம் சரி ஆன்ட்டி, அத்தனை தரம் மூடியை ஏன் திறந்தீங்க?" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை எங்கள் குடும்பத்தில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. ஹாலில் யார் காதிலும் விழவில்லையே என்று எட்டிப் பார்த்துவிட்டு, அவளுக்கு இன்னும் இரண்டு பஜ்ஜி வைத்தேன்.