தோளா, தொழிலா?

"சுவாமி, உங்கள் தொழில் சாயட்டுமா?" என்று பத்மப்ரியா உருகிக் கேட்டாள்.

நாடக ஒத்திகையில், தஞ்சை அரண்மனையில் கீர்த்தனை இயற்றும் வித்வானாக நின்ற திருநாவுக்கரசு தம்பூராவைக் கீழே வைத்தான். "தொழில் இல்லைங்க, தோளில்! தோளில் சாயட்டுமா!"

"ஹவ், ஆமாங்க, சாரி. நீங்க எழுதித் தந்ததைத்தானே படிச்சேன்."

நியாயம்தான். தமிழ் எழுத்து வராது என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். இந்தத் தெலுங்கு ஊரிலேயே, ஹப்சிகுடாவில் வளர்ந்த பெண் போலிருக்கிறது என்று முடிவுகட்டி, வசனத்தை இங்கிலீஷ் எழுத்தில் தட்டித் தந்தவன் அவன்தான். தமிழ்ச் சங்க விழாவுக்கு அந்தக் காலத்து வித்வானின் காதலை நாடகமாக எழுதியதே இவளுக்காக. கச்சிபௌலி ஆபீசில் ஒரு வருடமாகப் பக்கத்து சீட்டில் இருந்தும் சொல்ல வாய் வரவில்லை. கடைசிக் காட்சியில் வித்வான் நீட்டும் ஓலையை அவள் படிக்க வேண்டும். அதில் இருப்பது அவனுடைய சொந்த மனசு. அங்கேயும் 'தொழில்' வந்தால் மானம் கப்பலேறிவிடும்.

மறுநாள் 'ள' வரும் இடங்களில் பெரிய எழுத்து போட்டுத் தந்தான். அங்கெல்லாம் அவள் கத்தினாள்.

"ஏங்க கத்தறீங்க?"

"மெயில்ல பெரிய எழுத்துன்னா கத்தறதுதானே? டிரெய்னிங்ல சொன்னாங்களே."

சிவப்பு நிறம் கொடுத்துப் பார்த்தான். சிவப்பையெல்லாம் விட்டுவிட்டுப் படித்தாள்.

"ரிவ்யூல சிவப்புன்னா எடுத்துடணும்ங்க."

வேறு வழியில்லை. மூன்று மாதம் ஆபீஸ் முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகச் சொல்லித் தந்தான். தொழில் தொழிலாகவே இருந்தது.

விழா மேடையில் ஓலையை நீட்டிய பிறகுதான் உறைத்தது. இங்கிலீஷ் எழுத்துத் தாளுக்குப் பதில், தமிழில் எழுதிய தாளை உள்ளே செருகியிருந்தான்.

பத்மப்ரியா பிரித்தாள். "வாழ்நாள் முழுதும் என் தோளில் சாய்வாயா?" என்று ஓரெழுத்து பிசகாமல் படித்து, அவன் தோளில் சாய்ந்தாள். கைதட்டல் அடங்க நேரமானது. அவனுக்குத்தான் அடுத்த வசனம் மறந்துவிட்டது.

திரை விழுந்ததும், விழாவுக்கு வந்திருந்த அவளுடைய அம்மா உஷாவிடம் ஓடினான். "ஆன்ட்டி, அவங்களுக்குத் தமிழ் எழுத்தே தெரியாதே! எப்படி?"

உஷா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அதைத்தான் தம்பி நானும் கேக்கணும்னு இருந்தேன். மதுரையில ப்ளஸ் டூ தமிழ்ல ஸ்கூல் ஃபர்ஸ்ட் வாங்கின பொண்ணுக்கு, மூணு மாசமா அப்படி என்னதான் சொல்லிக் குடுத்தீங்க?"